எண்ணி வைப்பதா, கேட்கும்போது கூட்டிச் சொல்வதா?

போன சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் பசியாறிக்கொண்டிருந்தோம். கூட வேலை பார்க்கும் தம்பி, இடம் பிடிக்க மேசையில் வைத்திருந்த டிஷ்யூ பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி 3, 2, 4 என்று எழுதினான். இணையத்தில் தரவைச் சிறு சிறு பாக்கெட்டுகளாக அனுப்பும் முறைதான் டிசிபி. லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் நெரிசல் கட்டுப்பாட்டு நிரலில், அதாவது வழியில் நெரிசலானால் அனுப்புவதைக் குறைக்கும் பகுதியில், எந்த மாறியை (ஒரு மதிப்பைக் குறித்து வைக்கும் இடத்தை) நீக்கலாம் என்பதுதான் பேச்சு.

முதல் வழி, எண்ணி வைப்பது. பழைய லினக்ஸில் லெஃப்ட்_அவுட் என்று ஒரு மாறி இருந்தது. எதிர்முனை 'சாக்' என்ற ஒப்புகைச் செய்தி மூலம் கிடைத்துவிட்டதாகச் சொன்ன பாக்கெட்டுகள், தொலைந்ததாகக் கருதப்படும் பாக்கெட்டுகள், இரண்டின் கூட்டுத்தொகை அது. இரண்டில் எது மாறினாலும் இதையும் திருத்த வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் போதும், வழியில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்ற கணக்கே பிசகிவிடும். இரண்டாவது வழி, கேட்கும்போது கூட்டிச் சொல்வது. இன்றைய லினக்ஸ் அதைத்தான் செய்கிறது. செலவு ஒரே ஒரு கூட்டல். இங்கே எனக்குத் தயக்கமே இல்லை, இரண்டாவதுதான்.

ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் நீட்ட முடியாது. நெரிசலைக் கட்டுப்படுத்தும் முறைகளில் ஒன்று ரீனோ. பாக்கெட் தொலைந்தால் அது தன் சாளரத்தை, அதாவது ஒரே நேரத்தில் வழியில் எத்தனை பாக்கெட் இருக்கலாம் என்ற அளவை, பாதியாக்கி வரம்பாக வைத்துக்கொள்ளும். வரம்பு 2-க்குக் கீழே போகாது. அப்புறம் பாக்கெட் தொலையவில்லை, தாமதமாகத்தான் வந்தது என்று தெரிந்தால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

"ரெண்டால பெருக்கிட்டாப் போதாதா அண்ணே?" என்றான் தம்பி. முன்பு ரீனோ அப்படித்தான் செய்தது. டிஷ்யூவில் இருந்த கணக்கு அதுதான்: சாளரம் 3, வரம்பு 2, திரும்பினால் 4. பதினொன்றாக இருந்திருந்தால் 5, பிறகு 10. பாதியாக்கும்போது உதிர்ந்த மிச்சம் திரும்பி வராது.

க்யூபிக், பிக், இல்லினாய்ஸ் போன்ற மற்ற முறைகள் பழைய அளவை ஆளுக்கொரு பிரதியாக வைத்திருந்தன. டிசிபியின் மையப் பகுதியோ அதையே ப்ரையர்_சிவின்ட் என்ற மாறியில் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தது. 2017-இல் ரீனோ அதற்கு மாறியது, மற்றவை சொந்தப் பிரதியை விட்டன. மாறிகள் குறைந்தன, பிழையும் சரியானது. நடந்து முடிந்ததன் பதிவுக்கு இந்த மூன்றாவது வழிதான் சரி: ஒரே பிரதி, பொது இடத்தில்.

தம்பி அதே வேகத்தில் பிபிஆர் என்ற இன்னொரு முறை வைத்திருக்கும் குறைந்தபட்சப் பயண நேரத்தையும் (பாக்கெட் போய்ப் பதில் வர ஆகும் நேரம்) நீக்கலாம் என்றான், மையத்திலும் அது இருக்கிறதே என்று. பெயர் ஒன்றுதான். ஆனால் மையம் இயல்பாகக் கடந்த 300 வினாடிகளின் குறைந்த மதிப்பைப் பார்க்கிறது, பிபிஆருக்கு வேண்டியது 10 வினாடிகளுக்கானது. பாதை மாறி நேரம் கூடிவிட்டால், மையத்தின் எண் ஐந்து நிமிடம் வரை பழைய பாதையின் நேரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த மாறியில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.