பூனைப் பழக்கத்தைத் திருத்துகிறேன் என்று வந்தவருக்கு 658 ரிங்கிட் கொடுத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பூனை பிழைத்துக்கொண்டது. அதனால்தான் கொஞ்சம் நிதானமாக எழுத முடிகிறது. போன மாதம் எழுதியிருந்தால் வேறு மாதிரி வார்த்தைகள் வந்திருக்கும்.

எங்கள் வீடு கோலாலம்பூர் செந்தூலில், பதினோராவது மாடி. அம்மா, நான், கோப்பிஓ. பால் கலக்காத கோப்பி மாதிரி முழுக் கறுப்பு, அதனால் அந்தப் பெயர். நான்கு வயது ஆண், ஏழு மாதத்திலேயே கருத்தடை ஆயிற்று. இத்தனை வருடத்தில் மணல் பெட்டியைத் தவிர வேறு எங்கும் ஒரு சொட்டு விட்டதில்லை. தைப்பூசம் முடிந்த வாரம் அம்மா மடித்து வைத்திருந்த சேலைகள் மேல் போனது. மறுநாள் குளியலறைக் கால்மிதியில். அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, சாமி மேடைக்கு முன்னால் அப்போதுதான் போட்டு முடித்த கோலத்தின் மேலேயே.

“இன்னொரு தடவை நடந்தா பாசார்ல கொண்டு போய் விட்டுருடா, மீன் தின்னு பொழைச்சுக்கும்” என்றார் அம்மா. நம் ஊரில் எத்தனை பூனைகள் அப்படிப் பாசாருக்குப் போய்ச் சேர்ந்தவை என்பது காலையில் மீன் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியும். அம்மா கோபத்தில்தான் சொன்னார். ஆனாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தோடு அன்றிரவு கைப்பேசியில் தேடினேன், வீடியோ ஒன்று கிடைத்தது. பேசியவர் நம் ஆள், தமிழும் தெளிவாக இருந்தது. கண்ட இடத்தில் மூத்திரம் போகும் பூனையை 14 நாளில் திருத்துவாராம், திருந்தாவிட்டால் பணம் வாபஸாம், வீட்டுக்கே வருவாராம். தன்னை ‘கன்சல்டன்ட்’ என்றுதான் சொல்லிக்கொண்டார், டாக்டர் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அது எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்த சொல் என்பது பிறகுதான் புரிந்தது. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, பதிவு பெறாதவர் மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. கன்சல்டன்ட் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

மூன்று சந்திப்புக்கு 480 ரிங்கிட். முழுப் பணமும் முன்கூட்டியே.

சனிக்கிழமை வந்தார். கோப்பிஓ சோபாவுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உங்க மேல கோபமா இருக்கு, பழி வாங்குது” என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது, கொஞ்சமாகப் போகிறதா நிறையவா, போகும்போது கத்துகிறதா, மூத்திரத்தில் ரத்தம் தெரிகிறதா, எதுவும் கேட்கவில்லை. தப்பான இடத்தில் போனால் மூக்கை அதில் தேய்க்க வேண்டுமாம். இரவில் பின்பக்கக் குளியலறையில் அடைக்க வேண்டுமாம். மாலை 6 மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டுமாம். “உள்ளே போனாத்தானே வெளியே வரும்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த ஒன்றை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஒரு குழந்தைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

மூக்கைத் தேய்க்கும் வேலையை மட்டும் நான் செய்யவில்லை. மனம் வரவில்லை. மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

கிளம்பும்போது பையிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்தார். ‘என்சைம் ஸ்ப்ரே’, ஒன்று 89 ரிங்கிட். மூத்திர வாடையை வேரோடு எடுக்கும், மணல் பெட்டியைச் சுற்றியும் அடியுங்கள் என்றார். ஆக மொத்தம் 658. கடைசியாக வாசலில் நின்று சொன்னதுதான் முக்கியம்: “வெட்கிட்ட மட்டும் போயிடாதீங்க. ஊசி, ஸ்கேன்னு ஆயிரம் வெள்ளி தீட்டிடுவாங்க.”

அந்த ஸ்ப்ரேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டிலில் தயாரித்தவர் பெயரும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் இல்லை, ஒரு ஸ்டிக்கர் மட்டும். திறந்தால் எலுமிச்சை வாடை மண்டையைப் பிளக்கும். பூனை மூத்திரம் காயும்போது யூரிக் அமிலம் உப்பாகப் படிந்துவிடும், சாதாரண சோப்புக்கு அது சரியாகக் கரையாது, ஈரம் பட்டால் மறுபடி நாறும். உண்மையான என்சைம் திரவம் அந்தப் படிவைச் சிதைக்கிறது. அதற்கு நேரம் வேண்டும், இடம் நன்றாக ஊறும்படி விட்டுத்தான் துடைக்க வேண்டும். இவர் கொடுத்ததை ஊற வைத்தும் பார்த்தேன், இரண்டே நாளில் வாடை திரும்பி வந்தது. அதைவிட மோசம், எலுமிச்சை, ஆரஞ்சு வாடை பெரும்பாலான பூனைகளுக்கு ஆகாது. அதைக் கொண்டுபோய் மணல் பெட்டியைச் சுற்றி அடித்தால் பூனை எங்கே போகும்? பெட்டிப் பக்கமே வராமல் போயிற்று. அவரிடம் கேட்டேன். “அப்படின்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க” என்றார்.

எங்கள் மேல்மாடியில் ஆறு பூனை வளர்க்கும் ஒரு மாக்சிக், மலாய்க்கார அம்மா, இருக்கிறார். லிஃப்டில் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். ஒரே வார்த்தையில் ‘சாக்கிட் தூ’ என்றார், அது நோய் என்று. ஆறு பூனை வளர்த்தவர் சொல்வதை விட்டுவிட்டு, பணம் வாங்கியவர் சொன்னதைக் கேட்டேன்.

இரண்டாவது ஞாயிறு மாலை. கோப்பிஓ தானாகவே மணல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன். உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. மணலில் ஈரமே இல்லை. வெளியே வந்து அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு தரையில் இரண்டு சொட்டு, இளஞ்சிவப்பாக. இதுவரை கேட்காத ஒரு குரலில் கத்தியது. வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். 7.40க்குப் பதில் வந்தது: மலச்சிக்கல், ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் கொடுங்கள், காலையில் சரியாகிவிடும்.

அதே வீடியோவை மாக்சிக்கிடம் காட்ட மேலே ஓடினேன். பாதி பார்க்கும்போதே ‘கென்சிங் தாக் லெபாஸ்’ என்றார், மூத்திரம் பிரியவில்லை. தன் வீட்டுப் பூனைக் கூடையைக் கையில் கொடுத்துத் தள்ளிவிட்டார். காடியை எடுத்துக்கொண்டு டூக் நெடுஞ்சாலையில் செட்டாப்பாக் பக்கம் இரவிலும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போய்ச் சேரும்போது கோப்பிஓ வாந்தி எடுத்திருந்தது.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போனார். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் குறுகலாம். சளி மாதிரி ஒன்றும் பொடிக் கற்களும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்ளும். போக வழியில்லாமல் மூத்திரம் தேங்கினால் சிறுநீரகம் திணறும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், கடைசியில் இதயம் நின்றுவிடும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். காலை வரை பொறுத்திருந்தால் என்று நான் கேட்க ஆரம்பித்தேன், அவர் பதில் சொல்லாமல் கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டினார்.

மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு அடைப்பை எடுத்து, டிரிப் ஏற்றி, மூன்று இரவு அங்கேயே. 2,140 ரிங்கிட்.

அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு உறைத்தன. நின்றபடி வாலை நடுக்கிச் சுவரில் பீய்ச்சியதா, தரையில் குந்தியா? குந்தி என்றேன். அப்படியானால் எல்லை குறிப்பது இல்லை, முதல் நாளிலேயே மூத்திரத்தைச் சோதித்திருக்க வேண்டும் என்றார். கிருமி எதுவும் இல்லை. இளம் பூனைகளுக்குக் கிருமியால் வருவது குறைவாம், மன அழுத்தத்தால் மூத்திரப் பை வீங்குவதுதான் அதிகமாம். வீட்டில் என்ன மாறியது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு யோசித்தேன். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது மணல் பெட்டியைத் துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தது நான்தான். அது வேகமாகச் சுற்றும்போது தரையே அதிரும். அதே மாதம் பக்கத்து வீட்டில் டைல்ஸ் உடைக்கும் வேலை, காலை 9 மணியிலிருந்து. அதற்கு மேல் தண்ணீரையும் எடுத்துவிட்டால் மூத்திரம் கெட்டியாகி எரிச்சல் இன்னும் கூடும். நான் 480 ரிங்கிட் கொடுத்து வாங்கியது அதைத்தான்.

அம்மாவுக்கும் ஒரு திட்டு விழுந்தது. தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது காலில் பட்டு, பூனை நக்கினால் விஷம். குளோரோக்ஸ் ப்ளீச்சும் வேண்டாம், மூத்திரத்திலுள்ள அமோனியாவோடு சேர்ந்தால் வரும் புகை நமக்கே ஆகாது.

இப்போது அகலமான பெட்டி இரண்டு, வாடையில்லாத மணல், தினமும் இரண்டு தடவை அள்ளுகிறேன். ஈரச் சாப்பாடு. வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர். ஒரு பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, விருந்தாளிகள் வந்தால் அம்மா அதை முறத்தால் மறைக்கப் பார்ப்பார்.

சரி, பணம். வாபஸ் கேட்டு எழுதிய அன்றே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ரசீதில் இருந்த நிறுவனப் பெயரை, நிறுவனங்களைப் பதியும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் பதிவில் தேடினேன், இல்லை. பணம் போன கணக்கு வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரில். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட்தான், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் மனுப் பாரத்தில் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். நீங்கள் இப்படி யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடுவதாக இருந்தால், பணம் அனுப்பும் முன் பதிவு எண்ணையும் முகவரியையும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

முகவரியை வாங்கிக் கொடுத்தது அம்மா. தன் கைப்பேசியிலிருந்து அழைத்து, “தம்பி, எங்க வீட்டுப் பூனையும் கண்ட இடத்துல போகுது, எனக்கு ஆன்லைன்ல பணம் போடத் தெரியாது, நேர்ல வந்து கையில குடுக்கறேன்” என்றார். தம்பி வீட்டு எண், மாடி, தாமான் எல்லாம் சொல்லிவிட்டது. பெயரையும் முழுதாகச் சொல்லியது. அம்மா நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார்.

போன செவ்வாய் பாரத்தைக் கொடுத்துவிட்டேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன். அங்கே வக்கீல் வைக்க முடியாது. அம்மா வருகிறாராம்.