சாட்டனூகா மின்வாரியத்தின் ஃபைபர் இணைப்பு: வேகத்துக்கு முழு மதிப்பெண், எல்லைக்கோட்டுக்கு இல்லை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சாட்டனூகாவில் நகர மின்வாரியமான இ.பி.பி. தரும் இன்டர்நெட்டின் பெரிய பலம், பதிவேற்றமும் பதிவிறக்கமும் ஒரே வேகத்தில் ஓடுவதுதான். 50 ஜிபி வீடியோவை ஒரு ஜிகாபிட் (நொடிக்கு 1,000 மெகாபிட், அதாவது 1,000 எம்பிபிஎஸ்) இணைப்பில் ஏற்ற ஏழெட்டு நிமிடம் போதும். பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ் மட்டுமே தரும் கேபிள் இணைப்பில் அதற்கே ஐந்தரை மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். மாதத்துக்கு இத்தனை ஜிபிதான் என்ற வரம்பும் கிடையாது.

இ.பி.பி. என்பது 1935-ல் தொடங்கிய, நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியம். மின்கம்பம் அவர்களுடையதே என்பதால் கம்பி இழுக்க யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2009-ல் ஒதுக்கிய சுமார் 11 கோடி டாலர் மானியமும் சேர, 2010-லேயே தன் மின் எல்லை முழுக்க ஒரு ஜிகாபிட் கொடுத்தார்கள். அப்போது மாதம் 350 டாலர். 2013-ல் அது 70 டாலருக்கு இறங்கியது. அதன்பின் பத்து வருடம் கழித்தும் 68 டாலர் பக்கம்தான் இருந்தது. அமெரிக்காவில் இன்டர்நெட் கட்டணம் எப்படி ஏறுகிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இணைப்பு வாங்கியபின் வேகம் குறைகிறது என்றால், பெரும்பாலும் சிக்கல் வீட்டுக்குள்தான் இருக்கும். ஃபைபர் வந்து சேரும் பெட்டியிலிருந்து ரூட்டருக்குப் போகும் ஈதர்நெட் கேபிளை முதலில் பாருங்கள். ஸ்பீடு டெஸ்ட் எத்தனை முறை போட்டாலும் 94 எம்பிபிஎஸ் பக்கமே நின்றால், அந்த கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் ‘கேட் 6’ ரக கேபிள் மாற்றினால் சரியாகிவிடும். சோதனையை வைஃபையில் செய்யாமல் கம்பி வழியாகவே செய்யுங்கள். ஒரு ஜிகாபிட் போர்ட்டில் சுமார் 940 எம்பிபிஎஸுக்கு மேல் காட்டாது, அது குறையல்ல. கரண்ட் போகும் நேரத்திலும் நெட் வேண்டுமென்றால் ரூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துப் பயனில்லை, ஃபைபர் பெட்டிக்கும் வைக்க வேண்டும்.

கரண்ட் போவதே இங்கே குறைவு என்பது தனிக் கதை. இந்த ஃபைபர் முதலில் மின்கட்டமைப்புக்காகப் போடப்பட்டது. சுமார் 1,200 தானியங்கி சுவிட்சுகள் அதன் வழியாகப் பேசிக்கொள்கின்றன. மரம் விழுந்து ஒரு லைன் அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் தனியே பிரித்துவிட்டு, மற்ற தெருக்களுக்கு வேறு வழியில் மின்சாரம் திருப்பப்படுகிறது.

இனி குறை. இ.பி.பி. எங்கே கரண்ட் கொடுக்கிறதோ அங்கே மட்டும்தான் இன்டர்நெட் கொடுக்கலாம் என்கிறது டென்னசி மாநிலச் சட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எவ்வளவு கேட்டாலும் கம்பி நீளாது. இதையும் வட கரோலினாவின் இதேபோன்ற சட்டத்தையும் நீக்கக் கோரி 2014-ல் இ.பி.பி.யும் அம்மாநிலத்தின் வில்சன் நகரமும் மத்திய தொலைத்தொடர்பு ஆணையத்திடம் போயின. சாட்டனூகாவின் அன்றைய மேயர் ஆண்டி பெர்க் வெளிப்படையாகப் பின்னால் நின்றார். 2015 பிப்ரவரியில் ஆணையம் 3-2 என்று நகரங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2016 ஆகஸ்டில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது: மாநிலம் தன் கீழுள்ள நகரத்துக்குப் போடும் கட்டுப்பாட்டை மீற, நாடாளுமன்றம் ஆணையத்துக்குத் தெளிவான அதிகாரம் தரவில்லை என்பது காரணம்.

அமெரிக்க நகரத் தலைவர்களின் தேசியக் கூட்டமைப்பான நேஷனல் லீக் ஆஃப் சிட்டீஸ் இதில் எடுக்கும் நிலைப்பாடு சரி என்றே சொல்வேன்: சொந்தமாக நெட்வொர்க் கட்டுவதா, தனியாரோடு சேர்வதா என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்யட்டும். 2018-ல் 5ஜி சிறு ஆன்டெனா ஒவ்வொன்றுக்கும் நகரங்கள் வாங்கும் கட்டணம் ஆண்டுக்கு 270 டாலர் வரை இருந்தால் நியாயம் என்று ஆணையம் வரையறுத்தபோதும் அவர்கள் எதிர்த்தது இதே அடிப்படையில்தான். தெருவிளக்குக் கம்பம் நகரத்தின் சொத்து. அதன் வாடகையை வாஷிங்டன் நிர்ணயித்தால் பராமரிப்புச் செலவு உள்ளூர் வரிப்பணத்தின் தலையில் விழும்.

உள்ளூரிடம் உரிமை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2020-ஐப் பாருங்கள். சாட்டனூகா இருக்கும் ஹாமில்டன் கவுன்டியின் பள்ளிகளில் வசதி குறைந்த சுமார் 28,000 மாணவர்களின் வீடுகளுக்கு 100 எம்பிபிஎஸ் இ.பி.பி. இணைப்பை இலவசமாகத் தரும் திட்டம் அந்தக் கோடையில் தொடங்கியது. பத்து ஆண்டுக்கான உறுதி அது. ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் கொடுத்த மத்திய அரசுத் திட்டமோ, நீட்டிக்கும்படி மேயர்கள் கேட்டும், பணமில்லாமல் 2024-ல் நின்றுபோனது.

எந்த பிளான் எடுப்பது? நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் தாராளம். ஆனால் ஒரு ஜிகாபிட்டுக்கும் அதற்கும் பத்து டாலர்தான் வித்தியாசம் என்றிருந்தபோது பெரியதை எடுத்ததே புத்திசாலித்தனம். உங்கள் முகவரிக்கு இன்றைய விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2022-ல் வந்த 25 ஜிகாபிட் வீட்டுக்கு வேண்டாம். சாதாரணக் கணினியின் போர்ட் அந்த வேகத்தை வாங்காது. எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் மின் கூட்டுறவுச் சங்கம் ஃபைபர் போடுகிறதா என்று விசாரியுங்கள். நகர மின்வாரியங்களின் எல்லைக் கட்டுப்பாட்டை மாற்றாத 2017 மாநிலச் சட்டம், கூட்டுறவுகளுக்கு அந்த வழியைத் திறந்திருக்கிறது.