பன்னிரண்டு பேர், ஒரு நுழைவாயில்: ஜப்பான் ரயில்களில் குழுவாகச் செல்ல எந்தச் சீட்டு, எந்த முறை?

ஜப்பானிய ரயில் நிலையத்தின் தானியங்கி வாயில் ஆளுக்கொரு சீட்டு என்ற கணக்கில்தான் திறக்கும். ஒரே அட்டையை வைத்துவிட்டுக் குடும்பம் முழுவதும் பின்னால் நுழைய வழியில்லை. உள்ளே சென்றதாகப் பதிவான அட்டை, வெளியே வந்ததாகப் பதிவாகும்வரை இன்னொருவருக்கு உதவாது. அதனால் குழுவாகச் செல்பவர்கள் சீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன்பு, குழுவில் மிகவும் தயங்கி நடப்பவர் அந்த வாயிலில் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்பதைப் பார்க்க வேண்டும். எழுபது வயதைக் கடந்த பெரியம்மா முதல் ஏழு வயதுச் சிறுவன் வரை உறவினர் பதினொரு பேரை டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் அழைத்துச் சென்றபோது, இந்த ஓர் அளவுகோலே எனக்கு எல்லா முடிவுகளையும் எடுத்துக் கொடுத்தது.

ஒவ்வொரு பயணத்துக்கும் காகிதச் சீட்டு வாங்குவது முதல் வழி. சீட்டு இயந்திரங்களில் பல பேருக்குச் சேர்த்து வாங்கும் பொத்தான் இருக்கிறது. கட்டணம் குறைந்துவிட்டால் இறங்கும் நிலையத்தில் உள்ள சரிக்கட்டும் இயந்திரத்தில் மீதியைச் செலுத்தலாம். ஆனால் கட்டை விரல் அளவுள்ள அந்தச் சீட்டை வெளியேறும்வரை தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒருவராவது ஒவ்வொரு முறையும் பையைத் துழாவிக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு வேண்டுமானால் இதைப் பரிந்துரைப்பேன்.

பணம் ஏற்றிப் பயன்படுத்தும் அட்டைகளான சுய்கா, பாஸ்மோ, இக்கோக்கா ஆகியவை இரண்டாவது வழி. இவற்றுள் எதை வாங்கினாலும் போதும். 2013 முதல் பத்து முக்கிய அட்டைகள் ஒன்றின் பகுதியில் மற்றொன்று செல்லும்படி இணைக்கப்பட்டிருப்பதால், டோக்கியோவில் வாங்கிய சுய்கா கியோட்டோவின் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் வேலை செய்கிறது. கட்டணப் பலகையைப் படிக்கத் தேவையில்லை, எந்த நிறுவனத்தின் தடம் என்று யோசிக்கத் தேவையில்லை, தவறான நிலையத்தில் இறங்கினாலும் கட்டணத்தை வாயிலே கணக்கிட்டுக்கொள்ளும். குறைகளும் உண்டு. அட்டையில் 20,000 யென்னுக்கு மேல் ஏற்ற முடியாது. நிலையங்களில் உள்ள பெரும்பாலான இயந்திரங்கள் ரொக்கத்தை மட்டுமே ஏற்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர்கள் அட்டையைத் தொலைபேசியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம், ஆனால் ஜப்பானுக்கு வெளியே விற்கப்படும் ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் பெரும்பாலானவற்றில் அது இயலாது. ஆகவே நம்மவர்களில் பலருக்குக் கையில் பிடிக்கும் அட்டைதான் வேண்டும். ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம் என்றாலும், அவர்களுக்கான அட்டையைக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்க வேண்டியிருக்கும். முதல் நாளிலேயே இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கிவிடுவது நல்லது.

மூன்றாவது வழியான டோக்கியோ சுரங்க ரயில் சீட்டு, கணக்குப் பார்ப்பவர்களை உடனே கவரும். டோக்கியோ மெட்ரோவின் 9 தடங்களிலும் தோய் நிறுவனத்தின் 4 தடங்களிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் செல்லலாம். 2025இல் 72 மணி நேரச் சீட்டின் விலை 1,500 யென்னாக இருந்தது. ஒரு முறை ஏறி இறங்கவே குறைந்தது 178 யென் ஆகும் நகரத்தில், நாளுக்கு மூன்று பயணங்கள் செய்தாலே ஏறக்குறைய அந்தப் பணம் திரும்பிவிட்டது. காலண்டர் நாளைப் பின்பற்றாமல், முதலில் பயன்படுத்திய மணியிலிருந்து கணக்கிடப்படுவதால், பிற்பகலில் வந்து சேர்பவர்களுக்கும் இழப்பில்லை. ஆனால் யமனோதே வளையத் தடம் உள்ளிட்ட ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் இது செல்லாது. ஆகவே எங்கே தங்குகிறோம் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. அசாகுசாவில் தங்கினால், 1927இல் ஆசியாவின் முதல் சுரங்க ரயிலாகத் தொடங்கிய கின்சா தடம் வாசலிலேயே இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். ஷின்ஜுகு, இகெபுகுரோ பக்கம் தங்கினால் கால்கள் தாமாகவே யமனோதேயை நோக்கிப் போகும். கையில் இருக்கும் சீட்டு செல்லாத வாயிலில் நிற்கும் பெரியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். எங்கள் குழுவில் இந்தச் சீட்டை வாங்கவில்லை. ஆளுக்குச் சில நூறு யென் கூடுதலாகச் செலவானதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நீண்ட தொலைவுக்கு, குறிப்பிட்ட நாள்களுக்கு ஜே.ஆர். ரயில்களில் விரும்பியபடி செல்ல உதவும் ஜே.ஆர். பாஸ் வாங்க வேண்டும் என்று உறவினர்களும் பழைய பயணக் கையேடுகளும் இன்றும் சொல்கிறார்கள். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தவரை அது சரியான அறிவுரை. டோக்கியோ–கியோட்டோ போய்வரவே ஏறத்தாழ 28,000 யென் ஆகும் என்பதால், ஒரு சிறு பயணம் கூடினாலே இலாபம் கிடைத்தது. 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென்னாக உயர்ந்த பிறகு, ஹிரோஷிமா வரை சென்று திரும்பினாலும் அந்தத் தொகை ஈடாவதில்லை. போதாக்குறைக்கு, மிக விரைவான நொசோமி ரயிலில் ஏற பாஸ் வைத்திருப்பவர்கள் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு வாரத்துக்குள் நாட்டின் பாதியைச் சுற்றும் திட்டம் இல்லாத குழு, தனித்தனிச் சீட்டாகவே வாங்கட்டும். அதிவேக ரயிலான ஷின்கான்செனின் சாதாரணப் பெட்டியில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கைகள். இருக்கைகளைத் திருப்பி ஆறு பேர் எதிரெதிரே உட்காரலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பயணப் பெட்டிகளுக்கு, டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைக்கும் டோக்கைடோ தடத்தில் அதற்குரிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். பெரிய பெட்டிகளைத் தக்யூபின் என்னும் பொதி அனுப்பும் சேவையில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கைப்பையுடன் ஏறுவதே முதியோருக்கு நிம்மதி.

சீட்டை விட முக்கியமான தேர்வு, எல்லோரும் ஒரே வரிசையாகச் செல்வதா, சிறு அணிகளாகப் பிரிவதா என்பது. ஒரே வரிசையில் சென்றால் வழி தெரிந்தவர் ஒருவர் போதும் என்பது உண்மைதான். ஆனால் கதவு சில நொடிகளே திறந்திருக்கும். நெரிசல் நேரத்தில் பன்னிரண்டு பேர் ஒரே கதவில் ஏறுவது நடக்காது. முதல் மூன்று நாள் நான் அப்படித்தான் அழைத்துச் சென்றேன். கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோவிலுக்குப் புறப்பட்டபோது, நாரா தடத்தில் நின்ற மியாகோஜி விரைவு ரயிலில் முன்னால் போன ஐந்து பேர் அவசரமாக ஏறிவிட்டார்கள். அந்த ரயில் கோவிலுக்குரிய இனாரி நிலையத்தில் நிற்காது. சாதாரண ரயில் மட்டுமே நிற்கும். பெரியம்மாவும் அதில் இருந்தார். அவர்கள் ரொகுஜிசோ வரை போய்த் திரும்பி வந்து சேர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்த பிறகு, அன்று மாலையே குழுவை நால்வர் கொண்ட மூன்று அணிகளாகப் பிரித்தேன்.

ஒவ்வோர் அணியிலும் வழி பார்க்கத் தெரிந்த ஒருவர், முதியவர் ஒருவர். பெயருக்குப் பதிலாக நிலைய எண்ணை எழுதிக் கொடுத்தேன். ஷின்ஜுகு என்பதைப் படிக்கத் தடுமாறியவர்கள் ஜே.ஒய். 17 என்பதை எளிதாகக் கண்டுபிடித்தார்கள். பின்தங்கியவர்கள் அடுத்த ரயிலில் வர வேண்டும், முன்னே சென்றவர்கள் திரும்பி வரக் கூடாது, சேருமிடம் இறங்கும் நிலையத்தின் நடைமேடைதான் என்று மூன்று விதிகள் வைத்தோம். வாயிலுக்கு வெளியே சந்திப்போம் என்று சொல்வது ஆபத்து. ஷின்ஜுகுவில் இருநூறுக்கும் மேற்பட்ட வெளியேறும் வழிகள் இருக்கின்றன, தவறான ஒன்றில் வெளியேறினால் மறுபக்கம் வரவே நெடுநேரம் நடக்க வேண்டும். நடைமேடையில் நின்றால், யமனோதேயில் சில நிமிடங்களுக்கு ஒன்று வீதம் வரும் அடுத்த ரயிலிலேயே மற்ற அணியும் வந்துவிடும். கடைசி இரண்டு நாள்களில் பெரியம்மா தம் அணிக்குத் தாமே எண் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.