எவர்சில்வர் திருகாணிக்கு நீலமேற்றுதல்: மூன்று ஆண்டு அனுபவம்

பினாங்கில் பழைய சுவர்க்கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் எனக்குத் தீராத தொல்லை, நீலமேற்றிய எஃகுத் திருகாணிகளில் பிடிக்கும் துருதான். கடலை ஒட்டிய ஜார்ஜ்டவுன் வீடுகளில், எண்ணெய் தடவி வைத்தாலும் திருகாணித் தலையின் வெட்டுக்குள் செம்பழுப்பு படர்ந்துவிடும். எனவே மூன்று ஆண்டுகளுக்கு முன், 304 ரக எவர்சில்வரில் பன்னிரண்டு திருகாணிகளைக் கடைந்து, அவற்றுக்குப் பழைய நீல நிறத்தைக் கொண்டுவர முயன்றேன்.

முதலில், துப்பாக்கிப் பாகங்களில் நிறம் தேய்ந்த இடத்தைச் சரிசெய்யப் பயன்படும், செலீனியம் டை ஆக்சைடு கலந்த திரவத்தைக் கையுறை அணிந்து தடவினேன். சாதாரண எஃகைச் சட்டென்று கறுக்கச் செய்யும் அத்திரவம் எவர்சில்வரில் திட்டுத்திட்டாக மங்கிய சாம்பலைத்தான் விட்டது. துணியால் துடைத்ததும் அதுவும் போயிற்று. சுமார் 18% குரோமியம் கொண்ட இந்த உலோகத்தின் மேல் காற்றுப் பட்டதுமே உருவாகும் மெல்லிய குரோமிய ஆக்சைடுப் படலம், திரவத்தை இரும்பைத் தொடவிடுவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அப்படலத்தை நீக்கிய பின் தடவுவோரும் உண்டு. ஆனால் அவ்வமிலத்தின் ஆவி பட்டறையிலுள்ள மற்ற எஃகுக் கருவிகளையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், அவ்வழியை நான் தொடவில்லை.

பலன் தந்தது வெப்பம்தான். துளையிட்ட பித்தளைத் தகட்டில் திருகாணிகளைத் தலை மேலாக நிறுத்தி, அடியிலிருந்து எரிவாயுச் சுடரால் சூடேற்றினேன். சாதாரண எஃகு சுமார் 300 பாகை செல்சியசிலேயே நீலமாகிவிடும். எவர்சில்வரோ அந்த வெப்பத்தில் வெளிர்மஞ்சளாகத்தான் நிற்கும். பிறகு பழுப்பு, ஊதா என்று ஒவ்வொன்றாக மாறி, ஏறத்தாழ 540 பாகையில்தான் நீலம் பிறக்கிறது. இது பூச்சு அன்று. ஆக்சைடுப் படலம் தடிக்கத் தடிக்க ஒளி அதில் பட்டுத் திரும்பும் விதம் மாறுவதால் தெரியும் நிறம். எவர்சில்வரில் வெப்பம் மெதுவாகப் பரவுவதால் ஒரு பக்கம் நீலமாகும்போது மறுபக்கம் இன்னும் ஊதாவாகவே நிற்கும். ஆகவே சுடரை மெல்லச் சுழற்றிக்கொண்டே, ஊதா மறையத் தொடங்கும் கணத்தில் விலக்கிவிட வேண்டும். சூடேற்றும் முன் எண்ணெய்ப் பிசுக்குப் போக அசிட்டோனால் துடைத்த பிறகு விரல் பட்ட ஒரேயொரு திருகாணியில் என் ரேகை வரிவரியாகப் பதிந்துபோனது. அதை மீண்டும் மெருகேற்றி முதலிலிருந்து செய்தேன்.

மூன்று ஆண்டுகள் கழிந்து இன்று பார்த்தால், கடிகாரத்துக்குள் இருக்கும் பத்துத் திருகாணிகளும் முதல் நாள் போலவே ஆழ்ந்த நீலமாக உள்ளன. திருப்புளி உராய்ந்த விளிம்புகளில் மட்டும் வெள்ளி நிறம் தெரிகிறது. ஆனால் வெளிக்கதவின் கீலில், கடற்காற்று நேரடியாகப் படும் இரண்டில் தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை விழுந்துவிட்டது. வெப்பத்தால் தடித்த படலத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோவதால், எவர்சில்வரின் துரு எதிர்ப்பே அங்கு தளர்ந்துவிடுகிறது. அழகுக்காக அதன் வலிமையையே பறித்துவிட்டோமே என்று அந்தக் கறையைக் கண்டபோது மிகவும் வருந்தினேன். அந்த இரண்டையும் கழற்றிவிட்டு, உப்புக்காற்றை மேலும் தாங்கும்படி மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகத்தில் புதிதாகக் கடைந்து, நீலமேற்றாமல் வெறும் மெருகோடு மாட்டியிருக்கிறேன்.