தேதியை யார் சொல்வது?

சேலத்தில் கொலுசுப் பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதலாளி மட்டும் வெள்ளி வியாபாரம் நடக்கும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், "தீபாவளிக்குள் தந்துவிடுகிறோம்" என்று வியாபாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வரலாம். அல்லது பொறியாளரையும் கூடவே அழைத்துப் போகலாம்.

முதல் வழியில் முன்பணம் சீக்கிரம் வரும். சம்பளத் தேதி நெருங்கும்போது அதை யார் குறை சொல்வது? ஆனால் 'பில் போடும் மென்பொருள்' என்று மட்டும் கேள்விப்பட்ட பொறியாளர், எடைக்கு ஒரு கட்டம் வைத்து வேலையை முடித்துவிடுவார். பட்டறைக் கணக்கோ வேறு. 80 டச் (அதாவது நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி) கொலுசு 1 கிலோ என்றால் அதில் அசல் வெள்ளி 800 கிராம்தான். பட்டறைக்குக் கொடுத்த வெள்ளிக் கட்டி, திரும்பிய கொலுசு, சேதாரம் மூன்றும் அந்த அசலில்தான் நேராக வேண்டும், கூலி தனி. தராசுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் இது விளங்கிவிடும்.

இரண்டாவது வழியில் ஒரு சங்கடம் உண்டு. வியாபாரியின் முன்னிலையிலேயே பொறியாளர் "அதற்குள் முடியாது" என்று சொல்லிவிடுவார். (அப்போது முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!) அப்படியும் என் ஓட்டு இதற்குத்தான். வாடிக்கையாளர்கள் பெருகினால் ஒவ்வொரு பட்டறைக்கும் அழைத்துப் போக இயலாது. அப்போதும் தேதியை மட்டும் அவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.