சுண்டிக்குளத்தில் தொற்றினால் நெடுந்தீவு சிவக்கிறது: நெற்லோகோவோடு என் அனுபவம்

கம்பஸில் படிக்கிற தம்பி ஒருவன், தொற்றுப் பரவல் புரொஜெக்டுக்கு நெற்லோகோ (NetLogo) போதுமா என்று கேட்டான். கட்டங்களையும் முனைகளையும் வைத்து, ஒன்று எப்படிப் பரவுகிறது என்று கணினியில் ஓட்டிப் பார்க்கிற மென்பொருள் அது. வருசக்கணக்காக அதோடு மாரடிக்கிறவன் என்றபடியால் விரிவாகவே சொல்கிறேன். இலவசம், 1999இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கியது, பழைய லப்டொப்பிலும் ஓடும். இதெல்லாம் அவனுக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் ஒன்றில்தான். புதுக்கோப்பு எதைத் திறந்தாலும் அதன் உலகம் விளிம்போடு விளிம்பு ஒட்டியபடியே வரும். வலப்பக்கம் தாண்டுவது இடப்பக்கத்தால் உள்ளே வரும். அயலைப் பார்த்துக் கட்டங்கள் உயிர்த்தும் செத்தும் போகிற கொன்வேயின் லைஃப் ஆட்டத்துக்கு அது நல்லது, அதில் நகர்ந்துபோகும் 'கிளைடர்' என்ற உருவம் சுவரில் மோதிச் சிதையாது. ஆனால் யாழ் குடாநாட்டைக் கட்டங்களாக்கி டெங்கு பரவுவதைப் பார்க்கிறவனுக்கு? கிழக்கே சுண்டிக்குளத்தில் தொற்றிய கட்டம் அடுத்த படியிலேயே மேற்கே நெடுந்தீவைச் சிவப்பாக்குகிறது. இடையில் யாழ்ப்பாணமே இல்லாத மாதிரி! செற்றிங்ஸில் இரண்டு சரி அடையாளங்களை எடுத்தால் தீரும்தான், ஆனால் அந்தக் கோப்புக்கு மட்டும். எடுத்த பிறகும் வேலை கிடக்கிறது. நடுக்கட்டத்துக்கு எட்டு அயல், ஓரத்தில் ஐந்து, மூலையில் மூன்று. பரவும் விதியைத் தொற்றிய அயல்களின் எண்ணிக்கையில் எழுதினால் கரையோரத்தில் பரவல் தானாகவே மந்தமாகும். அயலில் எத்தனை பங்கு தொற்றியது என்ற விகிதத்தில் எழுத வேண்டும். சுற்றிவரக் கரையுள்ள எங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

இன்னொன்று: கட்டங்களுக்கு வேலை சொல்கிற 'ஆஸ்க்' (ask) கட்டளை அவற்றை எழுமாறான வரிசையில் ஒவ்வொன்றாகக் கூப்பிடும். எண்ணுவதையும் மாறுவதையும் ஒன்றாகச் செய்தால், முந்தி மாறிய கட்டத்தைப் பிந்தியது எண்ணிவிடும். முதலில் எல்லாக் கட்டமும் அயலை எண்ணட்டும், பிறகு இன்னொரு 'ஆஸ்க்'இல் நிறம் மாறட்டும்.

வலையமைப்புக்கு வந்தால் கதையே வேறு. நெற்லோகோவோடு வரும் மாதிரி நூலகத்தில் உள்ள வைரஸ் வலையமைப்பு மாதிரியை எடுத்து, முனைகளுக்கு ஊர்ப்பெயரும் இணைப்புகளுக்கு வீதிகளும் கொடுத்தேன். தொற்று இணைப்பு வழியே மட்டும் போகும், ஒட்டிய விளிம்பு அதைத் தீண்டாது. யாழ் நகரில் தொடக்கி ஆனையிறவு வழியை மட்டும் விட்டபோது, பூநகரிக்குப் பரந்தனால் சுற்றித்தான் வந்தது. குடாநாட்டையும் பூநகரியையும் நேரே இணைக்கிற, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தை ஒரே ஒரு இணைப்பாகச் சேர்த்தேன். பெரும்பாலான ஓட்டங்களில் பூநகரி பரந்தனை முந்தியது. ஒரு கோடு இவ்வளவு செய்யும் என்று வாசித்திருந்தாலும், எங்கள் ஊர்ப்பெயர்களோடு கண்ணுக்கு முன்னால் பார்த்தபோது அசந்துபோனேன். இவ்வளவு கெதியாக இதைக் காட்டக்கூடிய வேறொரு மென்பொருள் என் கையில் அகப்படவில்லை.

ஆனாலும் இன்றைக்குக் கேட்டால், கட்ட மாதிரிக்கு இதை எடுக்காதே என்றுதான் சொல்வேன். பைத்தனில் எழுது தம்பி, விளிம்பில் என்ன நடக்கவேண்டும் என்பதை உன் கையாலேயே எழுது. வலையமைப்பென்றால் வீட்டுப்பக்கம் வா. பாலத்தோடு ஒரு கோப்பும் பாலமில்லாமல் ஒரு கோப்பும் வைத்திருக்கிறேன், தருகிறேன்.