ரூ.7,800 போச்சு! "ஜிகாபிட்"னு சொன்னா நம்பி சுவிட்ச், கேபிள் வாங்காதீங்க

சனிக்கிழமை வாங்கினது, இன்னிக்கு செவ்வாய். ஆத்திரம் இன்னும் அடங்கல. காசு செலவில்லாம ஸ்பீடு டெஸ்ட் பண்றது எப்படின்னு கடைசியில சொல்றேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

தண்டையார்பேட்டையில வீட்டு மாடியிலேயே கல்யாண வீடியோ வேலை. வீட்டுக்காரர் கேமரா, நான் எடிட்டிங். ரெண்டு சிஸ்டத்துக்கும் நடுவுல ஃபைல் சீக்கிரம் போகணும்னு 8 போர்ட் ஜிகாபிட் சுவிட்சும் (சிஸ்டங்களை ஒயரால இணைக்கிற பெட்டி; ஜிகாபிட்னா செகண்டுக்கு 1000 மெகாபிட்) அதுக்கு கேட் 6 நெட்வொர்க் கேபிள் ஒரு சுருளும் வாங்கப் போனேன். பழைய நெட்வொர்க் சாமான் விக்கிற கடை.

அங்க இருந்த பையன் கேபிளோட ரெண்டு முனையையும் கையடக்க டெஸ்டர்ல சொருகினான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எட்டு லைட்டும் வரிசையா பச்சையா எரிஞ்சுது. "பாருங்கக்கா, எட்டும் எரியுது, ஃபுல் ஜிகாபிட்." அந்த எட்டு லைட்டைப் பார்த்துத்தான் நம்பினேன். "பில்லு போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஏறும்க்கா, எதுக்கு வீணா?"ன்னான். கூடப் பொறந்த தம்பி மாதிரி பேசுறானேன்னு அங்கேயே ஜிபேல ரூ.7,800 போட்டேன்.

அன்னிக்கு ராத்திரி 64 ஜிபி கார்டை காப்பி போட்டா செகண்டுக்கு 11 எம்பி! எட்டு மெகாபிட் சேர்ந்தாதான் ஒரு எம்பி, அதாவது 100 மெகாபிட்கூட வரல. பத்து நிமிஷ வேலை, ஒன்றரை மணி நேரம் இழுத்துது. சுவிட்சை எடுத்துட்டு, ஏற்கெனவே வீட்டுல இருந்த ரெண்டு ஒயரையும் ஒவ்வொண்ணாப் போட்டு ரெண்டு சிஸ்டத்தையும் நேரா இணைச்சு, நெட்வொர்க் ஸ்பீடை அளக்கிற ஐபெர்ஃப்3 சாஃப்ட்வேரை ஓட்டினேன். ரெண்டுலயும் 940 மெகாபிட் வந்துது. அதே ஒயர்களோட சுவிட்சை நடுவுல போட்டேன், 94. மேல ஜிகாபிட் ஸ்டிக்கர், உள்ளே பழைய 100 மெகாபிட் சுவிட்ச். புதுக் கேபிளும் போலிதான், பிளேடால சுரண்டினா செம்புப் பூச்சுக்குக் கீழே வெள்ளையா அலுமினியம். வயிறு எரிஞ்சுது.

ஞாயிறு போன் பண்ணா, "உங்க சிஸ்டம் பழசுக்கா." திங்கள் நேர்ல போனா இன்டர்நெட் ஸ்பீடு டெஸ்டைப் போட்டுக் காட்டி, "உங்க பிளானே 100 தானே, 94 வருதே, அப்புறம் என்ன?"ங்கிறான். என் வீட்டுக்குள்ள ரெண்டு சிஸ்டம் பேசிக்கிறதுக்கும் நெட் பிளானுக்கும் என்ன சம்பந்தம்? ஓனர் ஊர்ல இல்லையாம். இன்னிக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக், அப்புறம் ஒரு வரி: "வித்த சாமான் வாபஸ் இல்லை." ரூ.7,800! ஒரு கல்யாண ஆர்டருக்கு வாங்கின அட்வான்ஸ்ல பாதிக்கு மேல. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போட்டா பில் கேட்பாங்க. என்கிட்ட ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கு. அதை வெச்சாவது போடத்தான் போறேன்.

டெஸ்ட் பண்ற விஷயம். எட்டு லைட் எரிஞ்சா ஒயர் அறுந்து போகலைன்னு மட்டும்தான் அர்த்தம், ஸ்பீடு அதுல தெரியாது. ஐபெர்ஃப்3 இலவசம். ரெண்டு லேப்டாப் எடுத்துட்டுப் போய் கடையிலேயே ஓட்டுங்க, 90 சொச்சம் மெகாபிட்னா வாங்காதீங்க. அதுவும் முடியலன்னா ஒரு லேப்டாப்பை சுவிட்ச்ல சொருகி, விண்டோஸ்ல ஈதர்நெட் ஸ்டேட்டஸ்ல 1.0 ஜிபிபிஎஸ்னு (ஜிகாபிட்டுன்னு அர்த்தம்) காட்டுதான்னு பாருங்க. கேபிளைச் சுரண்டி உள்ளேயும் செம்புதானான்னு பாருங்க. பில் இல்லாம பத்து பைசா கொடுக்காதீங்க.

மீதியை அப்புறம் எழுதுறேன். நாளைக்குக் காலையில ஆல்பம் வீடியோ டெலிவரி, இந்த சுவிட்ச்லதான் அடுத்த கார்டு காப்பி ஆகிட்டிருக்கு. இன்னும் 1 மணி 10 நிமிஷம்னு காட்டுது.